அணியத்தில் ஒரு பச்சைச் சில்லு

ஜூலை 8

வெப்பம் 34. ஈரப்பதம் 78. காய்ச்சல். வேலை இல்லை.

ஜூலை 9

வெப்பம் 33. ஈரப்பதம் 80. காற்று தெற்கிலிருந்து.

தினமும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் முதலில் எழுதுவது, காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதைத் தனியாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்குத் திரும்பி ஆறு வருடமாக ஃபைபர் படகுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். வெடித்த இடத்தின்மேல் கண்ணாடி நார்ப் பாயை ஒட்டிப் பூசி மெழுகும் சோம்பேறிகளைப் போல இல்லாமல், துளை போட்டு சிரிஞ்சால் ரெசின் பசையை உள்ளே ஏற்றுவதால் எனக்கு ஊசிக்காரன் என்று பெயர். அப்பா வைத்த தெய்வசிகாமணி ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

நேற்று கடலில் சண்டை. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை போடுவோம் என்று எங்கள் சின்னாங்குப்பமும், போடக் கூடாது என்று பக்கத்து முகத்துமேடும் மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருந்தன. காலையில் தமுக்கு அடித்து, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று ஊர் கட்டளை. முப்பது படகு போனது. கல், ஈயக்குண்டு, மீன் குத்தும் சுளுக்கி, மண்ணெண்ணெய் பாட்டில். முகத்துமேட்டில் ஒருவன் செத்துவிட்டான். பெயர் தேசிங்கு. தண்ணீரில் விழுந்தவனை இரண்டு படகுக்கு நடுவில் வைத்து நசுக்கிவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். கேட்டதை எழுதுகிறேன்.

ஊர்த் தலைவர் கலியமூர்த்தியின் படகைத் தார்ப்பாய் போட்டு மூடி, டிராக்டரில் இழுத்து என் கொட்டகையில் விட்டார்கள்.

“அஞ்சு நாள்ல போலீசு போட்டுங்கள பாக்க வருதாம். தட்டிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியக் கூடாது” என்றார் தலைவர்.

“உப்புத்தண்ணி உள்ள எறங்கியிருக்கும் தலைவரே. காயவே ரெண்டு நாளு ஆவும்.”

“அதெல்லாம் ஒனக்கா சொல்லித் தரணும்?” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

என் மனைவி அஞ்சலாட்சி காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்காமல் சுறாக் குழம்பு ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். வலது உள்ளங்கையில் கொப்புளம் எரிகிறது.

ஜூலை 10

வெப்பம் 35. ஈரப்பதம் 74.

தார்ப்பாயை நீக்கினேன். அடி அணியத்தில், அதாவது படகின் மூக்கில், இடது பக்கம். வெளிப்பூச்சு ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. ஃபைபரில் வெளிக்காயம் கொஞ்சமாகத்தான் தெரியும். உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இடம் ‘டிக்’ என்னும். பிரிந்த இடம் ‘டொப்’ என்னும். டொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தபோது ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்தது.

அடியைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடலாம். அலையில் தவறி மோதினால் சிராய்ப்பு நீளமாக ஓடும். இது ஓடவில்லை, நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. இன்ஜின் பிடித்தவன் கைப்பிடியைத் திருப்பி, முழு வேகம் கொடுத்து இடித்திருக்கிறான். இடித்த பிறகும் வேகத்தைக் குறைக்கவில்லை. வலது பக்கம் திருப்பியிருக்கலாம். கடல் அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது.

வெடிப்புக்குள் டார்ச் அடித்தால் பச்சையாக ஒரு சில்லு. விரல் நீளம். தேசிங்கின் படகு மூக்கிலிருந்து பிய்ந்து வந்து இதற்குள் செருகிக்கொண்டிருக்கிறது. அதில் வரிசையாக மூன்று ஊசித்துளை, அடைத்து வழித்தவை. என் கைவேலை. போன தை மாதம் அந்தப் படகைச் சரி செய்து கொடுத்ததே நான்தான். அவன் அதை வாங்கிக்கொண்டு போய், மீன் ஏலத்தில் அத்தனை பேர் முன்னால், “ஊசிக்காரன் கை வச்ச போட்டு ஒழுவுதுடா. அவன் ஊசி போட்டது போட்டுக்கா, பொண்டாட்டிக்கா?” என்றான். ஏலக்காரன்கூடச் சிரித்தான். அஞ்சலாட்சி மீன் கூடையோடு அங்கேதான் நின்றாள். அன்றிலிருந்து ஏலத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்.

டார்ச்சைத் திருப்பித் திருப்பி அடித்துச் சில்லைப் பார்த்தேன். துளை மூன்றும் அப்படியே இருக்கின்றன. அடுக்கு பிரியவில்லை. உடைந்தது பக்கத்து இடம்தான், என் ஒட்டு விடவில்லை. ஒழுகியதாம், பொய்க்காரப் பயல். பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்ததை வந்தது என்றுதான் எழுத வேண்டும்.

சில்லோடு வேறு ஏதோ நார் சிக்கியிருக்கிறது. கண்ணாடி நார் வெள்ளையாக இருக்கும். இது கறுப்பு.

ஜூலை 11

வெப்பம் 36. ஈரப்பதம் தெரியாது. கருவியை உடைத்துவிட்டார்கள்.

காலை எட்டரைக்கு முகத்துமேடு வந்தது. கடல் வழியாக அல்ல, ரோடு வழியாக, நான்கு டிராக்டரில். கோடாலி, கடப்பாரை. ஆளைவிடப் படகைத்தான் குறி வைத்தார்கள். கரையில் வரிசையாக நின்றவற்றின் வயிற்றில் கடப்பாரையை இறக்கி இழுத்தார்கள். ஃபைபர் கிழிகிற சத்தம் எனக்குப் புதிதில்லை. இருபத்தேழு படகு ஒரே நேரத்தில் கிழிந்து கேட்டதில்லை. வலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். தடுக்கப் போன வைத்தியலிங்கத்தின் மணிக்கட்டில் வெட்டு விழுந்து, கை தோலில் தொங்கியது. அதை மறு கையால் ஏந்திக்கொண்டு, யாரிடமோ கொடுக்கப் போகிறவன் மாதிரி புகைக்குள் நடந்துகொண்டிருந்தான்.

என் கொட்டகைக்கு ஏழு பேர் வந்தார்கள். தேசிங்கின் அண்ணன் முன்னால் நின்றான்.

“எவன்டா இன்ஜின் புடிச்சவன்? அவன் ஒருத்தன குடுங்கடா. நாங்க போயிர்றம்.”

நான் ரெசின் டின்களுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வாசலில் துடுப்போடு நின்றது புகழேந்தி. அஞ்சலாட்சியின் தம்பி, இருபத்தாறு வயது. சண்டை நடந்த அன்று அவன் ஊரிலேயே இல்லை, இன்ஜின் சாமான் வாங்க சிதம்பரம் போயிருந்தான்.

“உள்ள எங்க மாமா மட்டும்தான் இருக்காரு. அவருக்கு ஒடம்பு முடியல” என்றான்.

கோடாலி அவனுடைய இடது காதைக் கொண்டுபோனது. அவன் துடுப்பை விடவில்லை. ஒருவனுடைய தாடையில் அது இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டு எல்லோரும் ஓடினார்கள்.

அஞ்சலாட்சி மணலில் முட்டி போட்டுக் காதைத் தேடினாள். கிடைத்தது. கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். தைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

ஜூலை 12

வெப்பம் 34. ஈரப்பதம் குத்துமதிப்பாக 75. ரெசின் 300 கிராம், ஹார்டனர் 90.

விளக்கு வைத்துக் காயவிட்டது போதும் என்று முடிவு செய்தேன். சாக்பீஸ் வட்டத்துக்குள் ஆறு துளை. கீழ்த் துளையில் சிரிஞ்சை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே பிரிந்த அடுக்குகளுக்கு நடுவில் ரெசின் ஏறி, அடுத்த துளையில் எட்டிப் பார்க்கும். பார்த்ததும் முதல் துளையை டேப்பால் அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் காற்றுக் குமிழ் நின்றுவிடும், அதுதான் பிறகு விரிசலாகும்.

மூன்றாவது துளைக்கும் நான்காவது துளைக்கும் நடுவில் பச்சைச் சில்லு. ரெசின் ஏற்றும் முன்பு உள்ளே இருக்கும் குப்பை எதுவானாலும் எடுத்துவிட வேண்டும். இது முதல் பாடம். கம்பெனியாக இருந்தால் சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். எடுத்துக் கடலில் எறிய ஒரு நிமிடம் போதும். இரண்டு தடவை இடுக்கியைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சில்லைச் சுற்றி ரெசினை ஏற்றினேன். காரணம், அவசரம்.

யோசனையில், மக்கில் ஹார்டனர் கலந்த மீதி ரெசினை மறந்துவிட்டேன். அது தானாகவே சூடேறிப் புகைந்து மக்கே உருகிவிட்டது. அதைக் கையால் தூக்கி வெளியே எறிந்ததில் கொப்புளம் இருந்த கையிலேயே இன்னொரு சூடு.

ஜூலை 14

வெப்பம் 33.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூட வந்த ஒருவர் படகு தெரிந்தவர், அவரும் நாணயம் வைத்திருந்தார். அணியம் முழுக்கத் தட்டினார். டிக், டிக், டிக். இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

“புது பெயிண்ட் வாசனை அடிக்குதே” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அடிக்கிறதுதான் சார்” என்றார் தலைவர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “ஆறு நாள் தரேன். இன்ஜின் புடிச்சவனையும் கூட இருந்த நாலு பேரையும் ஊரே குடுத்துடணும். இல்லன்னா வீடு வீடா பூந்து தூக்குவேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜூலை 16

கோவில் வாசலில் திருவுளச்சீட்டு. படகில் யார் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கு வேறு. “ஊர் செஞ்சது. ஆள் செய்யல” என்று தலைவர் அம்மன் முன்னால் சொன்னார். குடத்துக்குள் வீட்டுக்கு ஒரு சீட்டு. வருகிற ஐந்து பேர் உள்ளே போவார்கள், அவர்கள் குடும்பத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். முதல் சீட்டுக்காரன் ஏ-ஒன், அதாவது கேஸில் முதல் குற்றவாளி. இன்ஜினை நான்தான் பிடித்தேன் என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு எவனாவது வாயைத் திறந்தால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பு.

பூசாரி கையை விட்டார். முதல் சீட்டு புகழேந்தி.

காதில் கட்டோடு நின்றிருந்தான். ஒரு பக்கம் கேட்காததால் தன் பெயரா என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். அவனுடைய அம்மா, என் மாமியார், மண்ணில் விழுந்து தலையை மோதிக்கொண்டார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் சோறு இல்லை. இந்த நோட்டு இருந்தது, எட்டாம் தேதிப் பக்கம் திறந்தபடி.

“காய்ச்சலா?” என்றாள் அஞ்சலாட்சி.

“எடுத்து அந்தாண்ட வை.”

“அன்னிக்கி ஒன் சட்டைய தோச்சது நான்தான்யா. மூணு தண்ணி மாத்தினன். காய்ச்சல்ல வேர்த்தா செவப்பாவா வேர்க்கும்?”

நோட்டை இழுத்துக்கொண்டு தட்டைத் தூக்கி எறிந்தேன். விளிம்பு அவள் நெற்றியில் பட்டுக் கிழித்தது. அவள் துடைக்கவில்லை. ரத்தம் புருவத்தில் தேங்கிக் கன்னத்தில் இறங்கியது.

“எறி. என் தம்பிக்கு காது போச்சு, எனக்கு நெத்தி. இன்னும் யாரு பாக்கி சொல்லு, கூட்டியாறன்.”

இதற்கு முன்பு அவளைக் கை நீட்டி அடித்ததில்லை என்று எழுத வந்தேன். அது பொய். அதனால் எழுதவில்லை.

ஜூலை 18

பஞ்சாயத்தாரிடம் போனேன். கோவில் மண்டபத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

“புகழேந்தி பேர எடுத்துட்டு என் பேர எழுதுங்க தலைவரே.”

“அம்மன் எடுத்த சீட்டு. மாத்த முடியாது.”

“அம்மன் என் சீட்ட எடுக்கலியா, இல்ல நீங்க குடத்துல போடவே இல்லியா?”

தலைவர் சொன்னார்: “போடல. இருவத்தேழு போட்டு கிழிஞ்சி கெடக்குதுய்யா. ஒன்ன உள்ள அனுப்பிட்டு எவன வச்சி சரி பண்றது? ஊரு எப்பிடித் தொழிலுக்குப் போறது? அந்தப் பையனுக்கு இன்னா தெரியும், வலை இழுக்கத் தெரியும். வலை இழுக்க நூறு பேரு இருக்கான்.”

“நான் போலீசுக்குப் போறன்” என்றேன்.

தூணில் சேர்த்துக் கட்டிவிட்டு அடித்தார்கள். அதில் நாலு பேர் என்னோடு அன்று படகில் இருந்தவர்களே. எவனோ வயிற்றில் உதைத்தான், எவனோ செருப்பால் வாயில் அடித்தான், ஆடிக்கொண்டிருந்த ஒரு பல் விழுந்தது. ஒருவன் துடுப்புக் கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தபோது தலைவர் கத்தினார்.

“கையத் தொடாதீங்கடா! கை வேணும்டா!”

கட்டை கையைத் தாண்டி விலாவில் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் கவனமாக அடித்தார்கள். பத்து விரலிலும் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஜூலை 19

வெப்பம் 35. இரண்டு படகு சரி செய்தேன். மூச்சு விட்டால் விலா குத்துகிறது.

சாயங்காலம் புகழேந்தி கொட்டகைக்கு வந்தான். நல்ல காது என் பக்கம் வருகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்தான்.

“நாளைக்கு பத்து மணிக்கு வேன் வருதாம் மாமா. அம்மாவ பாத்துக்க.”

“ம்.”

“ஒண்ணு கேக்கணும். ஸ்டேசன்ல, எந்தப் பக்கம் திருப்பின, எப்பிடி இடிச்சன்னு கேப்பாங்களாம். நான் இன்னா சொல்றது? ஒனக்குத்தான் அடிய பாத்தா தெரியுமே.”

அவன் முகத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. பரீட்சைக்குப் போகிறவன் கேட்கிற மாதிரி கேட்டான். அவனுக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்டானா என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

“எடது பக்கம்” என்றேன்.

“எடது பக்கம்” என்று இரண்டு தடவை சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு எழுந்து போனான்.

ஜூலை 20

காலை ஒன்பது. வெப்பம் 34. ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறது. ஃபைபர் வெட்டும் கிரைண்டருக்குப் புது பிளேடு போட்டேன். அஞ்சலாட்சியிடம் சொன்னேன். நெற்றித் தையல் இழுக்க, தலையை மட்டும் ஆட்டினாள். நோட்டை மடியில் கட்டிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 24. அரசு ஆஸ்பத்திரி, போலீஸ் காவல் வார்டு.

இடது கையால் எழுதுகிறேன். நோட்டு இப்போது கேஸ் சொத்து. நடந்ததையும் ஒரு திருத்தத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லி இன்ஸ்பெக்டர் கொடுத்திருக்கிறார். ஏட்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இருபதாம் தேதி வேன் வந்து நின்றதும் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். நான் தலைவர் படகில் கிரைண்டரை வைத்தேன். வெள்ளைத் தூசி பறந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை, ஏதோ வேலை செய்கிறான் என்று நினைத்தார்கள். மூன்றாவது துளைக்கும் நான்காவது துளைக்கும் நடுவில் உள்ளங்கை அளவு வெட்டினேன். என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலையை நானே வெட்டினேன். துண்டு கையோடு வந்தது. உள்ளே பச்சைச் சில்லு, கண்ணாடியில் வைத்த மாதிரி. மூன்று ஊசித்துளை. அதைச் சுற்றி மனுஷன் தலைமுடி, ஒரு கொத்து, வேரில் கொஞ்சம் தோலோடு. நார் என்று எழுதினேனே, அதுதான். அன்றைக்கே தெரியும்.

இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து, “இன்ஜின் புடிச்சது நான்தான் சார், அந்தப் பையன் இல்ல” என்றேன். அவர் சில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் என்மேல் விழுந்தது. இந்தத் தடவை கையைத் தொடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. வலது கையைப் படகு விளிம்பில் வைத்து நங்கூரக் கம்பியால் அடித்தார்கள். மூன்றாவது அடியில் கம்பி விளிம்பில் பட்ட சத்தம்தான் கேட்டது, கையில் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் வானத்தில் சுட்ட பிறகுதான் விட்டார்கள். புகழேந்தி கைவிலங்கோடு என்மேல் கவிழ்ந்து கிடந்தான்.

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இனி சிரிஞ்சு பிடிக்க முடியாது. புகழேந்தியை நேற்று விட்டுவிட்டார்களாம். அஞ்சலாட்சியை ஊர் தள்ளிவைத்துவிட்டது. குழாயில் தண்ணீர்கூடப் பிடிக்க விடவில்லை. அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போகிறாளாம். காலையில் வந்தவள் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஊட்டவில்லை. ஸ்பூனை என் இடது கையில் வைத்துவிட்டுப் போனாள்.

திருத்தம்.

ஜூலை 8ஆம் தேதியில் ‘காய்ச்சல். வேலை இல்லை’ என்று எழுதியது தவறு. ஒரே கோடு போட்டிருக்கிறேன். சரியானது பின்வருமாறு.

வெப்பம் 34. ஈரப்பதம் 78. காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் என்றதால் தலைவர் படகில் போனேன், இன்ஜின் பிடித்தேன். தேசிங்கு தண்ணீரில் விழுந்து, தன் படகு மூக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் கையில் ஆயுதம் இல்லை. என்னைப் பார்த்து, “ஊசிக்காரண்ணே, கை குடுண்ணே” என்றான். ஏலத்தில் அவன் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

இடது பக்கம் திருப்பினேன்.

தெய்வசிகாமணி